மஞ்சள் நகல் எங்கே போகிறது?

மேல்கோட்டையில் மார்கழி விடியற்காலை ஐந்தரை மணி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது முந்தைய நாள் இரவு ஏழு. அங்கே கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டங்கள் பல தொடங்குவது அந்த நேரத்தில்தான். யோக நரசிம்மர் மலையடிவாரத்துத் தெருவில் வசிக்கும் மாணவர் ஒருவர் கைப்பேசியைத் திறந்தால், நியூ ஜெர்சியின் ஏதோ ஒரு சிறு கல்லூரி அணி உடற்பயிற்சி ஓட்டம் ஓடுவதிலிருந்தே நேரலையில் பார்க்கலாம். யார் எத்தனை ரீபவுண்ட் எடுத்தார், யாருக்கு எத்தனை ஃபவுல் என்பது நிமிடத்துக்கு நிமிடம் வந்துகொண்டிருக்கும். அதே மாணவர், ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மைசூரில் நேற்று மாலை எந்தக் கல்லூரி எந்தக் கல்லூரியை வென்றது என்று தெரிந்துகொள்ள நினைத்தால், ஆடியவர்களில் யாருடனாவது பழக்கம் இருக்க வேண்டும். வேறு வழி இல்லை.

சிறு கல்லூரி ஆண்கள் அணி ஒன்றைப் பிடித்துக்கொண்டு சீசன் முழுவதும் அதன் கூடவே போகும் பழக்கத்தை எடைபோட இந்த முரண்பாடே நல்ல தொடக்கம். பழக்கம் உயர்ந்ததுதான். பெரிய ஆட்டக்காரர்களின் சாகசத்தைப் பார்ப்பதில் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது. ஆனால் அமெரிக்காவில் எல்லாமே பதிவாகி, ஆட்டக்காரர்கள் மட்டும் கைநழுவுகிறார்கள். இங்கே ஆட்டக்காரர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். பதிவு என்று ஒன்றும் இல்லை.

அமெரிக்கர்கள் ‘கான்ஃபரன்ஸ்’ என்று சொல்வது பெரும்பாலும் ஒரு வட்டாரக் கூட்டணி. எட்டுப் பத்துக் கல்லூரிகள் சேர்ந்து, ஒவ்வொன்றும் மற்றதைத் தன் ஊரில் ஒரு முறையும் அடுத்தவர் ஊரில் ஒரு முறையும் சந்திக்கும். பத்து அணிகள் என்றால் அணிக்குப் பதினெட்டு ஆட்டம், மொத்தம் தொண்ணூறு. இதன் அருமை இரண்டாவது சந்திப்பில் தெரியும். ஜனவரியில் உங்கள் அணியை இருபது புள்ளிகள் அடித்துத் தோற்கடித்த இடதுகைக்காரர் பிப்ரவரியில் மறுபடி வருவார். இந்த முறை அவரை யார் மறிப்பது, வலது பக்கமாகத் திருப்பிவிட்டால் தடுமாறுவாரா என்று பயிற்சியாளர் மட்டுமல்ல, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ரசிகரும் யோசித்து வைத்திருப்பார். ஐவி லீக்கில் எட்டுக் கல்லூரிகள். 2017 வரை அங்கே இறுதிச் சுற்றுப் போட்டி என்று தனியாக எதுவும் கிடையாது. பதினான்கு ஆட்டங்களில் முதலில் வந்தவரே தேசியப் போட்டிக்குப் போவார். வெள்ளி இரவு ஓர் ஊர், சனி இரவு இன்னோர் ஊர் என்று ஆடுவார்கள். அந்தப் பதினான்கும் இறுதி ஆட்டங்களே என்று ரசிகர்கள் சொல்லிக்கொண்டதில் மிகை இல்லை.

நம்மிடம் இந்த அமைப்பு இல்லை. இந்தியாவில் கல்லூரி ஆட்டம் ஏணிப்படி போன்றது. பல்கலைக்கழகத்துக்குள் கல்லூரிகள் மோதும். அதிலிருந்து பல்கலைக்கழக அணி தேர்வாகும். அந்த அணி தென்மண்டலப் போட்டிக்கும், அங்கே முன்னணியில் வந்தால் அகில இந்தியப் போட்டிக்கும் போகும். 1916இல் தொடங்கிய மைசூர் பல்கலைக்கழகத்துக்கும் இதே முறை, சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் இதே முறை. கல்லூரிகள் மோதும் முதல் படி பல இடங்களில் நாக்-அவுட். பதினாறு கல்லூரிகள் வந்தால் பதினைந்தே ஆட்டங்கள். எட்டுக் கல்லூரிகளுக்கு அந்த ஆண்டு ஒரே ஆட்டம். காலையில் பேருந்தில் வந்து இறங்கி, முதல்வர் கையெழுத்திட்ட கடிதத்தையும் புகைப்படம் ஒட்டிய படிவத்தையும் கொடுத்து, நாற்பது நிமிடம் ஆடித் தோற்று, மதியச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்பிவிடுவார்கள். வரவேண்டிய அணி வராமல் ‘வாக்-ஓவர்’ ஆகிவிட்டால் அதுவும் இல்லை. இப்படிப்பட்ட அணிக்கு ரசிகராக இருக்க ஒருவர் விரும்பினாலும் எதைத் தொடர்ந்து பார்ப்பது?

இருந்தும் அந்த ஒரே ஆட்டத்தில் கிடைப்பதை எந்தக் கைப்பேசித் திரையும் தருவதில்லை. சிமென்ட் தளம். வெயிலில் வெளுத்துப்போன கோட்டுக்குக் காலையில்தான் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். பந்து தரையில் படும் சத்தம் பக்கத்துக் கட்டடத்தில் எதிரொலிக்கும். எல்லைக்கோட்டிலிருந்து இரண்டடி தள்ளி நிற்பவருக்கு மூச்சிரைப்பு கேட்கும், “ஸ்க்ரீன், ஸ்க்ரீன், இடது பக்கம்” என்று பாயின்ட் கார்டு கத்துவது கேட்கும், டைம்-அவுட்டில் பி.டி. சார் கோபப்படாமல் ஒரு பையனின் தோளில் கை வைத்து ஏதோ சொல்வது தெரியும். அந்தப் பையன் திரும்பி உள்ளே போய் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று, பந்தை மூன்று முறை தட்டி, ஒரு கணம் கண்ணை மூடுவதையும் பார்க்கலாம். தொழில்முறை ஆட்டத்தில் நாலாயிரம் ரூபாய் சீட்டில் உட்கார்ந்தாலும் இத்தனை அருகில் போக முடியாது. சிறு கல்லூரி ஆட்டத்தின் முதல் பலம் இதுதான். ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வகுப்பறை இல்லை.

அமெரிக்கச் சிறு கூட்டணிகளைத் தொடர்ந்து பார்ப்பவருக்குக் கிடைக்கும் இன்னொரு லாபம், உலகம் அதிசயம் என்று கூவும்போது அதன் வேர் எங்கே என்று தெரிந்திருப்பது. 2023 மார்ச் 17 அன்று ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகம் பர்டியூவை 63-58 என்று வீழ்த்தியது. தேசியப் போட்டியில் பதினாறாம் தரவரிசை அணி முதல் தரவரிசை அணியை வென்றது ஆண்கள் ஆட்டத்தில் அது இரண்டாவது முறைதான். முதலாவது 2018இல், பால்டிமோரின் யூ.எம்.பி.சி. வர்ஜீனியாவைத் தோற்கடித்தபோது. பர்டியூவின் சாக் ஈடியின் உயரம் 7 அடி 4 அங்குலம். ஃபேர்லி டிக்கின்சனின் டெமீட்ரி ராபர்ட்ஸ் 5 அடி 8 அங்குலம். மறுநாள் செய்தித்தாள்கள் உயரத்தைத்தான் எழுதின. அந்த அணி முந்தைய சீசனில் நான்கே ஆட்டங்களில் வென்றது என்பதும், டோபின் ஆண்டர்சன் என்ற புதிய பயிற்சியாளர் இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்தபோது ராபர்ட்ஸ் உட்பட மூன்று பேரைத் தன்னோடு கூட்டிவந்தார் என்பதும், தளம் முழுக்க எதிரணியை விரட்டி நெருக்கும் ஆட்டத்தை அவர்கள் நவம்பரிலிருந்தே பழகினார்கள் என்பதும் நார்த்ஈஸ்ட் கான்ஃபரன்ஸை வாராவாரம் பார்த்தவர்களுக்குப் பழைய செய்தி.

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. அந்த ஆண்டு கூட்டணிக் கோப்பையை வென்றது ஃபேர்லி டிக்கின்சன் இல்லை. இறுதி ஆட்டத்தில் ஒரே புள்ளி வித்தியாசத்தில் வென்றது மெரிமாக் கல்லூரி. இரண்டாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு மாறும் கல்லூரி நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற அப்போதைய விதி, மெரிமாக்கைத் தேசியப் போட்டிக்கு வெளியே நிறுத்தியது. வென்றவர்கள் வீட்டில் இருந்தார்கள். தோற்றவர்கள் வரலாறு படைத்தார்கள். சீசன் முழுக்கப் பார்த்த ரசிகருக்கு மெரிமாக்கின் பெயரும் நினைவில் இருக்கும். மார்ச் மாதம் மட்டும் எட்டிப் பார்ப்பவருக்கு இருக்காது. 68 அணிகளின் தேசியப் போட்டி என்ற ஒற்றை விளக்கு அத்தனை பிரகாசமாக எரிவதால், ஜனவரியின் எண்பது நல்ல ஆட்டங்கள் இருட்டில் போகின்றன. சிறு கூட்டணியின் ரசிகர்களிலேயே பலர், மூன்று மாத உழைப்பை அந்த ஒரு வாரத்துக்கான நுழைவுச் சீட்டாகவே கணக்கிடுகிறார்கள். இது இந்தப் பழக்கத்தின் பெரிய குறை.

எண்களின் மயக்கம் இன்னொன்று. 2012 நவம்பர் 20 அன்று அயோவாவின் கிரின்னல் கல்லூரிக்காக ஜாக் டெய்லர் ஒரே ஆட்டத்தில் 138 புள்ளிகள் எடுத்தார். உலகமே பேசியது. அவர் 108 முறை கூடையை நோக்கி எறிந்தார் என்பதும், ஐவரையும் அடிக்கடி மாற்றி, பந்தை வேகமாகப் பறித்து வேகமாக எறிவதே அந்தக் கல்லூரியின் திட்டம் என்பதும், எதிரணி ஒரு சிறிய பைபிள் கல்லூரி என்பதும் தெரிந்த பிறகுதான் 138 என்ற எண்ணுக்குப் பொருள் வரும். எண்ணை மட்டும் கையில் வைத்திருப்பவர் ஆட்டத்தைப் பார்த்தவர் ஆகமாட்டார். விடியற்காலை கைப்பேசியில் புள்ளிவிவரம் பார்க்கும் மேல்கோட்டை மாணவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இப்போது அங்கே கவலை தருவது வேறு. 2021 முதல் ஒரு மாணவர் கல்லூரி மாறினால் ஓராண்டு வெளியே உட்கார வேண்டியதில்லை. அதே ஆண்டு ஜூலையிலிருந்து தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கவும் தடை இல்லை. மாணவருக்கு இது நியாயம். அவர்கள் வியர்வையில் பிறர் மட்டும் பணம் பார்த்த காலம் நீண்டது. ஆனால் சிறு கல்லூரியின் ரசிகருக்கு இழப்பு நேரடியானது. 2022இல் ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ் கென்டக்கியையும் பர்டியூவையும் வென்று கடைசி எட்டு அணிகளில் ஒன்றானது. சில நாட்களில் பயிற்சியாளர் ஷாஹீன் ஹாலோவே சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குப் போனார். முக்கிய ஆட்டக்காரர்கள் பலரும் வேறு வேறு கல்லூரிகளுக்குக் கலைந்தார்கள். முதலாண்டில் தடுமாறி நான்காம் ஆண்டில் தலைவனாகும் ஒரு பையனைப் பார்த்து வளர்வதுதான் சிறு கல்லூரி ரசிகரின் சொத்து. அந்தச் சொத்து கரைகிறது. சூதாட்டமும் சேர்ந்திருக்கிறது. 1950இல் இரண்டு தேசியக் கோப்பைகளையும் வென்ற நியூயார்க் சிட்டி காலேஜ் மறு ஆண்டே புள்ளி மோசடியில் சிக்கிச் சீரழிந்தது பழைய பாடம். கூட்டம் பார்க்காத சிறு ஆட்டமே மோசடிக்கு வசதியானது. அதைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கும் ரசிகர்கள் அந்த ஆட்டத்துக்கு ஒரு காவலும்கூட.

தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால் படம் மாறுகிறது. 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய இந்த ஆட்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே உலகெங்கும் பரவியது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, தென்னிந்தியப் பள்ளி கல்லூரிகளுக்கு பி.டி. ஆசிரியர்களைத் தலைமுறை தலைமுறையாக அனுப்பியது. லயோலா கல்லூரி தன் முதல் முதல்வர் பெர்ட்ராம் பெயரில் கல்லூரிகளுக்கிடையே போட்டி நடத்துகிறது. கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பை, பெரியகுளத்தில் கோடைக்கால மின்னொளிப் போட்டி. பெரியகுளத்து மக்கள் எந்த ஒரு கல்லூரிக்கும் ரசிகர்கள் இல்லை, போட்டிக்கே ரசிகர்கள். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் குடும்பத்தோடு வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, யார் நன்றாக ஆடினாலும் கை தட்டுகிற பழக்கம் அது. வன்மம் இல்லாத ரசனை என்ற வகையில் அமெரிக்கக் கூட்டணிப் பகைமையைவிட இது மேல். ஆனால் அங்கே கோப்பைக்கு மோதுவது பெரும்பாலும் வங்கி அணிகளும் ராணுவ அணிகளும். கல்லூரிப் பையன் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்துப் பெரியவனான பிறகே அந்த மேடை ஏறுகிறான். அவன் கல்லூரியில் ஆடிய மூன்றாண்டுகள் யார் நினைவிலும் இல்லை.

  

ஆள் வரமாட்டார்கள், யார் பார்க்கிறார்கள் என்று கல்லூரிகள் சொல்வது வழக்கம். மேல்கோட்டையே இதற்குப் பதில் சொல்லும். அங்கே நடக்கும் வைரமுடி சேவை என்ற கோயில் திருவிழாவுக்குக் கிரீடம் மண்டியா கருவூலத்திலிருந்து புறப்பட்டு, வழியில் கிராமம் கிராமமாக நின்று, இருட்டிய பிறகு மலைக்கு வந்து சேருகிறது. சில ஆயிரம் பேர் மட்டுமே வசிக்கும் ஊரில் அன்றிரவு லட்சக்கணக்கில் கூட்டம். பக்தி முதல் காரணம். ஆனால் பங்குனியில் எந்த நாள், எந்த வழி, எந்த நேரம் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும் என்பதும் காரணம். தேதி தெரியாத திருவிழாவுக்கு யாரும் வண்டி கட்டமாட்டார்கள். கல்லூரி ஆட்டத்தின் அட்டவணையோ முந்தைய நாள் மாலை பி.டி. சார்களின் வாட்ஸ்ஆப் குழுவில் வருகிறது.

பதிவும் இல்லாமல் இல்லை. கோர்ட்டுக்குப் பக்கத்து மேசையில் அமர்ந்திருப்பவர் சர்வதேச முறைப்படி ஸ்கோர் ஷீட்டை நிரப்புகிறார். ஒவ்வொரு கூடைக்கும் எண்ணின் மேல் ஒரு சாய்கோடு, ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு புள்ளி, ஒவ்வொரு ஃபவுலுக்கும் பெயருக்கு எதிரே ஒரு குறி. ஆட்டம் முடிந்ததும் நடுவர் கையெழுத்திடுவார். வெள்ளைத்தாள் அமைப்பாளருக்கு, இளஞ்சிவப்பு நகல் வென்றவருக்கு, மஞ்சள் நகல் தோற்றவருக்கு. பிறகு மூன்றும் மூன்று பீரோக்களுக்குள் போய்விடுகின்றன. எந்தப் பையன் முதலாண்டில் இரண்டு புள்ளியும் மூன்றாமாண்டில் இருபத்திரண்டும் எடுத்தான் என்ற முழு வரலாறும் அந்தத் தாள்களில் இருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

நாக்-அவுட்டை நாளைக்கே லீக்காக மாற்ற முடியாது. பேருந்துக் கட்டணமும் தேர்வு நாட்களும் விடாது. ஆனால் ஒரே நகரத்துக்குள் இருக்கும் ஆறு கல்லூரிகள் சனிக்கிழமை மாலைகளில் ஒன்றையொன்று இரண்டு முறை சந்திப்பது மைசூரிலும் முடியும், மதுரையிலும் முடியும், திருச்சியிலும் முடியும். ஆட்ட நாளைப் பதினைந்து நாள் முன்னதாகக் கல்லூரி வாசலில் எழுதிப் போட ஒரு கரும்பலகை போதும். முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டைப் படமெடுத்து எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்க ஒரு நிமிடம் போதும். உங்கள் ஊர்க் கல்லூரியின் பி.டி. சாரைத் தெரிந்தவர்கள் இந்த சீசனில் அவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: அடுத்த ஆட்டம் என்றைக்கு? போன ஆட்டத்தின் தாள் எங்கே?