கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஊர்: ஜெர்மனியில் நாட்டார் கலைப்பொருள் சேகரிப்பு

ஜெர்மனியில் நாட்டார் கலைப்பொருட்களைச் சேகரிக்கும் வழக்கம், அவற்றைச் செய்த கைகள் ஓயத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. நோயியல் மருத்துவரான ருடால்ஃப் விர்ஷோ 1889இல் பெர்லினில் நாட்டார் உடைகளுக்கும் குடிசைத்தொழில் பொருட்களுக்குமாக ஓர் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். டிரெஸ்டனில் ஆஸ்கர் சைஃபர்ட் திரட்டியவை 1913இல் சாக்சனி நாட்டார் கலை அருங்காட்சியகமாயின. ஆலைப்பொருள் கிராமத்துக்குள் வந்ததும் பரணுக்கோ அடுப்புக்கோ போகவிருந்தவற்றில் ஒரு பங்காவது இப்படித்தான் தப்பியது.

சேகரிக்கப்பட்டவை ஒரே வகைப் பொருளால் ஆனவையல்ல. கல்யாணச் சீராக வந்த வண்ணம் தீட்டிய அலமாரி, பலகாரத்துக்கு உருக்கொடுக்கும் மர அச்சு, வெஸ்டர்வால்ட் வட்டாரத்துச் சாம்பல்நீலச் சாடி, அவுரிச் சாயத்தில் அச்சிட்ட துணி என்று அவை விரியும். பவேரியாவில் கால்நடைகளைக் காப்பவராகக் கருதப்படும் புனித லியோன்ஹார்டுக்கு நேர்ந்துவிட்ட இரும்பு மாடுகளும், நோய் தீர்ந்தவர் மெழுகில் வார்த்துக் கொடுத்த கை, கால், கண் உருக்களும் தனி வகை. கோயிலில் கண்மலர் சாத்தும் வழக்கமும் அய்யனாருக்கு மண்குதிரை வைக்கும் வழக்கமும் அறிந்த தமிழருக்கு இவற்றின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இவற்றுள் சேகரிப்பாளரை அதிகம் ஈர்த்தது கண்ணாடியின் பின்புறம் தீட்டும் ஓவியம். கோட்டுருவம் வரைந்த தாளைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, முதலில் கண், விரல், மடிப்புக் கோடுகளையும் கடைசியில் பின்னணியையும் தீட்டுவார்கள். கடைசியில் வரவேண்டியதை முதலில் வரைவதால் பிழையைத் திருத்துவது கடினம். பவேரிய ஊரான மூர்னாவில் யோஹான் கிரோட்ஸ் என்ற மதுவடிப்பாளர் ஏறத்தாழ ஆயிரம் ஓவியங்களைச் சேர்த்திருந்தார். அவை இன்று ஓபராம்மர்காவ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்தத் தொகுப்பைக் கண்டபின் ஓவியர் காப்ரியேலே மூன்டர் மூர்னாவிலிருந்த ஹைன்ரிஷ் ராம்போல்டிடம் இந்த முறையைக் கற்றார். 1912இல் ஓவியர்களான காண்டின்ஸ்கியும் பிரான்ஸ் மார்க்கும் வெளியிட்ட ‘நீலக் குதிரைவீரன்’ தொகைநூலில் பவேரியக் கண்ணாடி ஓவியங்கள் பிக்காசோ, செசான் படங்களோடு இடம்பெற்றன.

இந்த அங்கீகாரம் பெரிது. ஆனால் அதற்குள் ஓர் இழப்பும் இருந்தது. பூசைமூலையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தொழப்பட்ட படம், நிறத்துக்கும் கோட்டுக்குமான சான்றாக மட்டும் பார்க்கப்பட்டது. யார் எதற்காக வைத்தார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போனது. அந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர் மரீ ஆன்ட்ரே-ஐசன். ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் புண்ணியத் தலங்களுக்கு நேரில் சென்று, காணிக்கைகளையும் தாயத்துகளையும் அவற்றோடு ஒட்டிய நம்பிக்கைகளையும் குறித்து, 1910இல் நூலாக்கினார். கலைநயம் குறைந்த மெழுகுக் கட்டிகூட அவர் குறிப்போடு சேரும்போது பேசுகிறது. குறிப்பில்லாத அழகிய படம் அந்த அளவுக்குப் பேசுவதில்லை.

‘தூய உழவர் கலை’ என்ற எண்ணம் இந்த வழக்கத்தின் ஆழமான குறை. கிராமத்து ஓவியர்கள் நகரத்தில் அச்சான தேவாலயப் படங்களைப் பார்த்தே கோட்டுருவம் வரைந்தார்கள். சரக்கைச் சுமைவியாபாரிகள் முதுகில் ஏற்றி எல்லை கடந்து விற்றார்கள். நாட்டார் மரபு ஒரே சமூகத்துக்கு உரியதும் அல்ல: 1898இலேயே ஹாம்பர்கில் மாக்ஸ் குரூன்வால்ட் யூத நாட்டார் வழக்காற்றியலுக்கென ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். இத்தனை கலப்பையும் மறுத்து, நாட்டார் கலையை இனப் பெருமைக்குச் சான்றாக்கியது நாஜி ஆட்சி. பக்திப்பொருட்களைத் திரட்டிய பெர்க்டெஸ்காடன் ஆய்வாளர் ருடால்ஃப் கிறிஸுக்கு அதே ஆட்சி 1944இல் மரண தண்டனை விதித்தது. பின்னர் அது குறைக்கப்பட்டது. அவருடைய தொகுப்பு பவேரியத் தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. விர்ஷோ தொடங்கிய பெர்லின் தொகுப்பின் பெரும்பகுதி போரில் அழிந்தது. மிஞ்சியதும் கிழக்கு, மேற்கு என்று பிரிந்து கிடந்து 1992இல்தான் ஒன்றானது.

போருக்குப் பின் சந்தை வளர்ந்தது, கேடும் வளர்ந்தது. காட்டுவழிச் சிற்றாலயங்களிலிருந்து நேர்த்திக்கடன் பலகைகள் திருடுபோயின. மரத்தின் இயல்பு நிறம் நாகரிகமானபோது, அலமாரிகளைக் காரத்தில் கழுவி, நூறாண்டு வண்ணத்தை ஒரே பகலில் போக்கினார்கள். பழைய ஓவியத்துக்கு விலை ஏறியதும் பழைய பலகையில் புது ஓவியம் தீட்டுவோர் கிளம்பினார்கள். பலவகைப் பொருட்களை ஒரே அறையில் வைப்பதும் சிக்கல்தான். சூடேற்றிய அறையின் வறட்சியில் கண்ணாடியிலிருந்து வண்ணம் உரியும், மரம் வெடிக்கும். ஈரத்தில் இரும்பு துருவேறும். வெப்பத்தில் மெழுகு உருக்குலையும்.

தனியார் தொகுப்பின் ஆயுள் பெரும்பாலும் அதைச் சேர்த்தவரின் ஆயுள். எந்தப் பண்ணைவீட்டில், எந்த விதவையிடம் வாங்கினார் என்பது அவர் நினைவில் மட்டும் இருந்தால், வாரிசுகள் ஏலத்துக்கு அனுப்பும் நாளில் ‘பவேரியா, 1800 வாக்கில்’ என்ற விவரம்தான் எஞ்சும். படச்சட்டத்தின் பின்பலகையில் ஊர்ப்பெயரும் வாங்கிய ஆண்டும் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தால், அந்தப் படம் எத்தனை கை மாறினாலும் ஆய்வாளர் அந்த ஊர்வரை போய்ச் சேரலாம்.