யார் அனுப்பினது?

ஆங்கில நாவல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் இளம் நண்பர் ராத்திரி பத்து மணிக்கு போன் செய்தார்.

"சார், 'க்ளவுட்'டுக்குத் தமிழ்ல என்ன?"

"மேகம்."

"அது இல்ல சார். கடைசியில டாக்டர் 'டி' இல்ல, டேபிள் 'டி'."

அகராதியைப் புரட்டினால் இரண்டு அர்த்தங்கள் பக்கத்து பக்கத்து வீட்டில் குடியிருக்கின்றன. ஒன்று, பலத்த அடி. இன்னொன்று, செல்வாக்கு. "செல்வாக்குன்னே போட்டுடவா?" என்றார். அவசரப்படாதீர்கள் என்றேன். ஏன் என்பதற்கு ஒரு வார்த்தையின் ஜாதகத்தைப் பார்க்க வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் இந்த வார்த்தைக்கு அடியும் இல்லை, செல்வாக்கும் இல்லை. வெறும் ஒட்டுத்துணி. கிழிசலை மறைக்கத் தைப்போமே, அது. 'அடி' பிற்பாடு வந்து சேர்ந்துகொண்டது. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'டில் ஒரு நடிகன், ட்ராய் நகரத்து அரசி ஹெக்யூபாவின் கதியைச் சொல்லி அழுகிறான். கிரீடம் இருந்த தலையில் இப்போது ஒரு துண்டுத் துணிதான் இருக்கிறதாம். அந்தத் துணிக்கு ஷேக்ஸ்பியர் போட்டிருப்பது இதே வார்த்தை. அதிகாரம் போன பிறகு மிஞ்சுவதற்கு அன்று என்ன பெயரோ, அதுதான் இன்று அதிகாரத்துக்கே பெயர்!

'செல்வாக்கு' அர்த்தம் இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் சிகாகோ அரசியலில் புழங்கி, அங்கிருந்து பரவியது. 1955லிருந்து 1976ல் இறக்கும்வரை மேயராக இருந்த ரிச்சர்ட் டேலியின் ஊர் அது. அவரைப் பற்றி லென் ஓ'கானர் 1975ல் எழுதிய புத்தகத்துக்குத் தலைப்பே 'க்ளவுட்'தான்.

அந்த ஊரில் இதற்கு என்ன பொருள் என்பதை ஆப்னர் மிக்வா என்பவர் ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த கதை விளக்கிவிடும். 1948ல் அவர் சட்டக்கல்லூரி மாணவர். தேர்தலில் டெமாக்ரடிக் கட்சிக்குச் சும்மா வேலை செய்யலாமே என்று வார்டு ஆபீசுக்குப் போனார். உள்ளே சுருட்டும் வாயுமாக ஒருவர்.

"யார் அனுப்பினது?"

"யாரும் அனுப்பலை."

"யாரும் அனுப்பாத ஆள் நமக்கு வேண்டாம். வேலையும் காலி இல்லை."

"எனக்கு வேலை வேண்டாமே."

"வேலை வேண்டாங்கிற ஆளும் நமக்கு வேண்டாம். எங்கேர்ந்து வரே?"

"சிகாகோ யூனிவர்சிட்டி."

"அங்கேர்ந்து வர்ற ஆளும் வேண்டாம்."

சிரிப்பு வருகிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள். அதே மிக்வா பிற்பாடு காங்கிரஸ் உறுப்பினரானார், ஃபெடரல் நீதிபதியானார், கிளிண்டனின் வெள்ளை மாளிகையில் சட்ட ஆலோசகரானார். 2009ல் 'சிகாகோ ட்ரிப்யூன்' ஒரு குட்டை உடைத்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பெரிய மனிதர்கள் சொல்லிவைத்த மாணவர்களுக்குத் தனியாக ஒரு பட்டியல் இருந்தது. ஐந்து வருஷத்தில் சுமார் 800 பெயர்கள். மார்க் குறைவாக இருந்தும் சிலர் உள்ளே போயிருந்தார்கள். பத்திரிகை அதற்கு வைத்த பெயர் 'க்ளவுட் லிஸ்ட்'. விசாரிக்க கவர்னர் ஒரு கமிஷன் போட்டார். தலைவர் யார் தெரியுமா? 'யாரும் அனுப்பாத' மிக்வா! அந்த வருஷமே பல்கலைக்கழகத் தலைவர் ராஜினாமா செய்தார்.

இப்போது நம் நண்பரின் சந்தேகத்துக்கு வருவோம். 'செல்வாக்கு' அழகான வார்த்தைதான். செல் பிளஸ் வாக்கு. சொன்னால் செல்லுபடியாகும் சொல். ஆனால் அது முழுக்க முழுக்கச் சொல்பவர் பக்கத்து வார்த்தை. அவர் சொன்னார், நடந்தது, சுபம். யாருக்கும் வலித்த மாதிரியே தெரியவில்லை. நாமும் 'செல்வாக்கான மனுஷர்' என்று மரியாதையாகத்தான் சொல்கிறோம்.

பட்டியலில் ஒரு பெயர் ஏறினால், கீழே ஒரு பெயர் இறங்க வேண்டும். இறங்கிய பையனுக்கோ பெண்ணுக்கோ 'வருந்துகிறோம்' என்று ஒரு கடிதம் போயிருக்கும். 'நமக்கு மார்க் போதவில்லை போலிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டு வேறு காலேஜைப் பார்த்திருப்பார்கள். அடி விழுந்தது பட்டவருக்கே தெரியாது. சொல்லிவைத்தவரும் தான் யாரையாவது அடித்ததாக நினைத்திருக்க மாட்டார். தெரிந்தவர் பிள்ளைக்கு ஓர் உதவி, அவ்வளவுதான். முகம் தெரியாதவர்களுக்குள் நடக்கும் அடிதடி இது. ஆங்கிலம் எப்படியோ அடி, செல்வாக்கு இரண்டையும் ஒரே வார்த்தைக்குள் வைத்திருக்கிறது. தற்செயல்தான். ஆனாலும் உண்மை.

அதனால் நண்பருக்கு என் யோசனை இது. மந்திரியைப் பற்றி வந்தால் 'செல்வாக்கு' என்று போடுங்கள், பாதகமில்லை. ஆனால் சிகாகோ பத்தி எழுத்தாளர் மைக் ராய்கோ, இந்த வார்த்தைக்கு அதிகாரம் என்று பொருளில்லை, நமக்கு ஆகவேண்டியதை முடித்துத் தருகிற ஆளைத் தெரிந்திருப்பதுதான் என்று சண்டையே போட்டிருக்கிறார். அந்த அர்த்தத்தில் வந்தால் அகராதியை மூடிவிடுங்கள். நம் வீட்டுக் கூடத்திலேயே வார்த்தை இருக்கிறது. 'அவனுக்கு மேலே ஆள் இருக்கு.' இதைச் சொல்லும்போது நம் குரலில் ஒரு கசப்பு வரும் பாருங்கள், அதுதான் அந்த அடி. 'செல்வாக்கு' என்று எழுதினால் அது காணாமல் போய்விடும்.

இன்னொன்று. தமிழில் வாக்கு என்றால் ஓட்டும்தான். அது நம் எல்லோரிடமும் இருக்கிறது, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை செல்கிறது.

சிலருடையது மட்டும் தினமும் செல்கிறது.