ஸ்டாண்ட் என்பது மேசை அல்ல, சம்ப்புக்கு ஒரு அறை

வீட்டிலேயே ரீஃப் தொட்டி கட்ட நினைக்கிறவர்கள் கையில் கடைசியில் வந்து சேர்வது இரண்டு வரைபடங்கள். ஒன்று, இரண்டுக்கு நான்கு அங்குல மரச்சட்டத்தில் செய்யும் அமெரிக்க ஸ்டாண்ட். இன்னொன்று, தொட்டித் தண்ணீரைக் கீழே இறக்கும் குழாய் அமைப்பு. பல வருஷங்களாக உலகம் முழுக்க நகலெடுக்கப்படும் வடிவமைப்புகள் இவை. சேவூரில் உட்கார்ந்து இவற்றை வரி வரியாகப் படித்ததில் எனக்குத் தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன். குழாய் வரைபடத்தில் நல்ல சிந்தனை இருக்கிறது. ஸ்டாண்ட் வரைபடம் தவறான கேள்விக்குச் சரியான பதில் சொல்கிறது.

புதியவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ரீஃப் தொட்டி என்றால் பவளம் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டி. தண்ணீர் வழிந்து, ஸ்டாண்டுக்குள் இருக்கும் சம்ப்பில் இறங்கிச் சுத்தமாகி, மோட்டார் வழியாக மேலே போகும். நம்ம வீடுகளில் வாசலில் சம்ப், மொட்டை மாடியில் டேங்க் இருக்கிற அதே ஏற்பாடுதான். ஆனால் இது 24 மணி நேரமும் ஓட வேண்டும்.

பலமும் வளைவும்

நான்கடிக்கு இரண்டடி, உயரம் இரண்டடி. பலர் ஆசைப்படும் அளவு இது. கொள்ளளவு சுமார் 450 லிட்டர். 12 மி.மீ. கண்ணாடி மட்டும் ஏறக்குறைய 90 கிலோ. கல், மணல் எல்லாம் சேர்த்தால் 600 கிலோவைத் தாண்டும். அதாவது 12 சிமெண்ட் மூட்டைக்கு மேல்.

மர வரைபடத்தின் நல்ல அம்சம், எடை திருகாணி மேல் விழாது. மேல்சட்டத்துக்கு நேர் கீழே கால் நிற்கும், பாரம் மரத்தின் வழியாகவே தரைக்குப் போகும். நம்ம ஊரில் யாரும் மரத்தில் செய்யப் போவதில்லை. தெருவுக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. 40க்கு 40, 2 மி.மீ. ஸ்கொயர் ட்யூபில் அடித்துக் கொடுத்துவிட்டு, "யானை ஏறினாலும் ஒண்ணும் ஆகாதுங்க" என்பார்கள். உண்மைதான், உடையாது. ஆனால் கண்ணாடித் தொட்டிக்கு உடைவதை விட வளைவதுதான் ஆபத்து. நீள வாக்கில் ஒரு சட்டத்துக்கு 300 கிலோ, இடைவெளி 1.2 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். முனைகளில் சும்மா தாங்கி நிற்கும் சட்டமாக எடுத்துக்கொண்டால், நடுவில் நாலரை மி.மீ. தொய்யும். வெல்டிங் மூலைகள் அதைக் குறைக்கும், ஆனால் அதை நம்பி சிலிக்கான் ஒட்டைச் சோதிக்க வேண்டுமா? அதே சட்டத்தை 80க்கு 40 ட்யூபாக மாற்றி, 80 பக்கம் நிமிர்ந்திருக்க வைத்தால் தொய்வு 1 மி.மீ.க்குள் அடங்கும். நடுக்காலும் தேவைப்படாது.

நடுக்கால் இல்லாதது அழகுக்காக அல்ல. முன்பக்க நடுவில் ஒரு கால் நின்றால், தொட்டியை இறக்காமல் சம்ப்பை வெளியே எடுக்க முடியாது. பெரும்பாலான வரைபடங்கள் தொட்டியின் அளவை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு மேசை போடுகின்றன. சம்ப்புக்கு மிச்ச இடம்தான். என் குறை இதுதான்.

மூன்று குழாய்கள்

குழாய்ப் பக்கம் வருவோம். டர்ஸோ அமைப்பில் ஒரே குழாய், உச்சியில் காற்றுத் துளை. கொடகொடவென்ற சத்தத்தை அடக்கத்தான் அது பிறந்தது. அந்த ஒரு குழாய் அடைத்தால் தண்ணீர் தரையில்தான். ஹெர்பியில் இரண்டு குழாய். ஒன்று வால்வு வைத்து முழு சைஃபனாக ஓடும், இன்னொன்று அவசரத்துக்குக் காய்ந்தே நிற்கும். பீன் அனிமலில் மூன்று. முதல் குழாய் முழு சைஃபன். இரண்டாவதில் மிச்சத் தண்ணீர் மெல்லிசாக வழியும். அதன் காற்றுக் குழலின் வாய் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும். முதல் குழாய் அடைத்து மட்டம் ஏறினால் அந்த வாய் மூழ்கி, காற்று நின்று, இரண்டாவது குழாய் தானாகவே சைஃபனாக மாறிவிடும். அதுவும் போனால் மூன்றாவது.

சென்சார் இல்லை, மென்பொருள் இல்லை. ஒரு பாகம் தோற்கும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, அந்தத் தோல்வியையே அடுத்த பாகத்தை இயக்கும் விசையாக மாற்றுகிறது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், நாங்கள் எழுதும் பல பிழை கையாளும் நிரல்களில் இந்த நேர்மை இருப்பதில்லை.

ஆனால் இந்த வரைபடங்கள் மின்தடையை அபூர்வமாக நடக்கும் விஷயமாகவே பார்க்கின்றன. நமக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கவே நிற்கும். மேலே சொன்ன தொட்டியில் 1 செ.மீ. மட்டம் இறங்கினால் கீழே வருவது சுமார் 7 லிட்டர். மேலேற்றும் குழாயின் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 36 லிட்டர் பின்னோக்கி இறங்கும். குழாயிலும் வழிவுப் பெட்டியிலும் நிற்பது இன்னொரு 10. இந்த 46 லிட்டருக்கும் சம்ப்பில் எப்போதும் காலி இடம் வேண்டும். ஒருவழி வால்வு இருக்கிறதே என்பார்கள். ஒரு நத்தை மாட்டினாலோ, கொஞ்சம் சுண்ணாம்பு படிந்தாலோ அது மூடாது. வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டி வைப்பதுதான் நம்பகமான வழி. பிறகு கரண்ட்டை நிறுத்தி நிறுத்திப் பத்து தடவை போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் சைஃபன் தானாகத் தொடங்க வேண்டும். சம்ப்புக்குள் இறங்கும் குழாய்முனை ரொம்ப ஆழத்தில் இருந்தால் உள்ளே காற்று சிக்கி, தொடங்காது.

ஹார்டுவேர் கடையில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. சைஃபனை நுணுக்கமாகச் சரிசெய்ய கேட் வால்வு வேண்டும். கேட்டால் பித்தளையில்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பித்தளையில் செம்பு உண்டு. செம்பு பவளத்துக்கும் இறாலுக்கும் விஷம். பிளாஸ்டிக் கேட் வால்வு கிடைக்காவிட்டால், பால் வால்வை வைத்துப் பொறுமையாகத் திருகிக்கொள்வதே மேல். உப்பைப் பற்றி நம்ம பகுதிக்குப் பாடம் தேவையில்லை. சாயக்கழிவு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, உப்புநீரைக் குழாயிலும் ஆர்.ஓ.விலும் கையாளுகிற தொழிலே இங்கே பெரிதாக வளர்ந்தது. அந்த வேலை தெரிந்த பிளம்பர் கிடைத்தால் விடாதீர்கள்.

உள்ளே வைப்பது எது?

இரண்டு வரைபடங்களும் பேசாமல் நகர்கிற இடம் ஒன்று உண்டு. அவை தொட்டிக்குள் கடலிலிருந்து எடுத்த 'உயிர்க்கல்' இருக்கும், பாதி வடிகட்டலை அதிலுள்ள பாக்டீரியா பார்த்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்கின்றன. உயிர்க்கல் பெரும்பாலும் பவள எலும்புதான். இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே பட்டியலில் இருக்கின்றன. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். தரையில் ஒரு சொட்டு விழாமல் இருக்க மூன்று குழாய் வைக்கிற பொழுதுபோக்கு, கல் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருப்பது நியாயமா?

இது அறநெறிப் பேச்சு மட்டும் இல்லை. கணக்கையும் மாற்றுகிறது. கடல் கல் இல்லை என்றால் அந்த பாக்டீரியாவுக்கு செராமிக் கல்லும் பாசி அறையும் சம்ப்பில்தான் வைக்க வேண்டும். மின்தடைக்கு விட்ட 46 லிட்டரோடு இதையும் கூட்டினால், வெளிநாட்டு வரைபடம் காட்டும் சம்ப் நமக்குப் போதாது. மீனுக்குக் கவலை இல்லை. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் தொழில்நுட்பத்தை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் வெற்றிகரமாக உருவாக்கியிருக்கிறது. பண்ணையில் பிறந்த மீன் என்று கேட்டு வாங்கலாம்.

ஆகவே வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் சம்ப்பின் அளவு. அதை முழுசாக வெளியே இழுக்கவும், ஸ்கிம்மரின் கப்பைக் கழற்றவும் எவ்வளவு இடம் வேண்டும் என்பது அடுத்தது. அந்த அறைக்குச் சுவர்போல ஸ்டாண்ட். கடைசியில்தான், அந்த ஸ்டாண்ட் வளையாமல் தாங்கக்கூடிய தொட்டி. நான்கடி என்று ஆரம்பித்த ஆசை மூன்றடியில் முடியலாம். பகல் முழுக்கக் கரண்ட் போகிற ஊரில், கடலிலிருந்து ஒரு கல்லும் எடுக்காமல் ஓடுகிற மூன்றடித் தொட்டி எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது.