கத்தலுக்கு ஒரு பை

"கோபத்தை உள்ளயே வச்சுக்காதே, கத்தித் தீர்த்துடு, மனசு லேசாயிடும்." இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. மனசு ஒரு குக்கர், கத்தல் அதன் விசில் என்கிற கணக்கு. பார்வையாளரையே சத்தம் போடவைக்கும் ஒலிக்கலைப் படைப்புகளைப் பற்றிப் பேசும்போதும் இதே கணக்குதான் சட்டென்று கைக்கு வருகிறது: கோபத்துக்கு ஒரு வடிகால்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கணக்கே சரியில்லை. 2002இல் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 600 கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். முதலில் அவர்கள் எழுதிய கட்டுரையைக் கடுமையாகத் திட்டிக் கோபமூட்டினார்கள். பிறகு ஒரு குழு, திட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தியது. இன்னொரு குழு உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தியது. மூன்றாவது குழு சும்மா உட்கார்ந்திருந்தது. கடைசியில் அதிகக் கோபத்தோடும் மூர்க்கத்தோடும் இருந்தது முதல் குழுதான். சும்மா இருந்தவர்களிடம்தான் மூர்க்கம் மிகக் குறைவு. 2024இல் சோஃபி கியார்விக்கும் புஷ்மனும் சேர்ந்து 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதே திசைதான்: உடம்பின் படபடப்பைக் குறைப்பது கோபத்தைக் குறைக்கிறது, கூட்டுவது குறைப்பதில்லை.

அப்படின்னா இந்தப் படைப்புகளெல்லாம் வீணா? எனக்கு அப்படித் தோணலை. வேறு காரணத்துக்காக மதிக்கணும், அவ்வளவுதான்.

எம்ஐடி மீடியா லேபில் இருந்தபோது கெல்லி டாப்சன் உருவாக்கிய ஸ்கிரீம்பாடியை எடுத்துக்கொள்வோம். (நேரில் பார்த்ததில்லை, விடியோவும் அவருடைய விளக்கமும்தான் எனக்கு ஆதாரம்.) குழந்தையைக் கட்டிக்கொள்வது மாதிரி மார்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு பை. கத்த முடியாத இடத்தில் அதற்குள் வாயை வைத்துக் கத்தலாம். வெளியே சத்தம் வராது, ஆனால் உள்ளே பதிவாகிவிடும். பிறகு வேண்டிய இடத்தில் பையை இறுக்கி அணைத்தால் அந்தக் கத்தல் வெளியே வரும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் விசில்தான். ஆனால் உள்ளே நடப்பது வேறு. உள்ளே போவது இப்போது, வெளியே வருவது பிறகு. எங்க தொழில்ல இதை பஃபர்னு சொல்வோம். கத்தலுக்கும் அது போய்ச் சேருவதற்கும் நடுவே ஒரு இடைவெளி விழுகிறது. அதைவிட முக்கியம், வெளியே வரும்போது கத்தியவரே அதைக் கேட்பவராகவும் நிற்கிறார். நேரடியாகக் கத்தும்போது இது நடப்பதே இல்லை.

டாப்சனின் இன்னொரு படைப்பு பிளெண்டி. 1950களின் மிக்ஸி ஒன்றை மாற்றியமைத்தது. தாழ்ந்த குரலில் உறுமினால் மெதுவாகச் சுற்றும், குரல் ஏற ஏற வேகம் கூடும். அதை ஓட்டணும்னா அதன் சத்தத்தைக் கவனித்து அதுமாதிரியே ஒலிக்கணும். இங்கேயும் கேட்பதுதான் வேலை.

இதோடு 2020இல் ஐஸ்லாந்து சுற்றுலாவுக்காக நடத்திய விளம்பரத்தை ஒப்பிடலாம். ஊரடங்கு நேரத்தில் நம் கத்தலை இணையத்தில் பதிவு செய்தால், அங்கே ஆளில்லா நிலப்பரப்பில் வைத்த ஒலிபெருக்கிகளில் ஒலிக்கவிட்டார்கள். நல்ல வேடிக்கைதான். ஆனால் அது கொடுப்பது தூரம் மட்டுமே. கத்தலைத் தூக்கிச் சுமக்கவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.

ஸ்கிரீம்பாடியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. எங்கே திறப்பது என்ற முடிவு முழுக்க நம் கையில். சம்பந்தப்பட்டவர் முகத்துக்கு நேராகவே திறக்கலாம். இயந்திரம் தடுக்காது.

இதை நான் ஏன் பெரிசா எடுத்துக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் ராத்திரி சர்வர் விழுந்தபோது, கான்ஃபரன்ஸ் காலில் ஒரு ஜூனியர் பையனைக் கத்தித் தீர்த்தேன். அப்போது மனசு லேசான மாதிரிதான் இருந்தது. இரண்டு நாள் கழித்து அறிக்கை எழுதுவதற்காக அந்தக் காலின் பதிவைப் போட்டேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. நடுவில் அவன் மூன்று தடவை "சரி சார்" என்கிறான். அன்றைக்கு அது என் காதில் விழவே இல்லை.

அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பதிவு இல்லாமலிருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.