வில்லெடுத்த பாணர்: சுப்பு ஆறுமுகத்தின் கலை பற்றிய ஒரு மதிப்பீடு

நாம் குடியேறி வாழும் இக்காளத்தி நகருக்குத் தமிழிலக்கிய வரலாற்றில் தனியிடம் ஒன்று உண்டு. கண்ணப்பர் கண்ணை அப்பிய தலம் என்பதை அனைவரும் அறிவர். நான் சொல்ல வந்தது வேறு. திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர்தம் மனைவியார் மதங்கசூளாமணியாரும் உடன்வர, தாமே பாட்டுக் கட்டித் தாமே பாடி ஊர் ஊராகச் சென்றவர் திருஞானசம்பந்தர். அக்குழு தொண்டைநாட்டுத் தலங்களைத் தொழுது இங்கு வந்து சேர்ந்தது. இதற்கு வடக்கே அது நடக்கவில்லை. அப்பாலுள்ள நாடுகளில் அருந்தமிழ் வழக்கு நிகழாமையால், கேதாரம், கோகரணம், திருப்பருப்பதம் முதலிய தலங்களை இங்கிருந்தபடியே நினைந்து பாடினார் என்கிறார் சேக்கிழார். கேட்போர் இல்லாத இடத்துக்குப் பாட்டு போவதில்லை என்பது இதனால் புலப்படுகிறது. தமிழ்ப்பாட்டுக் குழு ஒன்று வண்டியை நிறுத்திய எல்லையில் நாம் வீடு கட்டிக்கொண்டு வாழ்கிறோம்!

இந்த எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. சென்ற ஆண்டு பொங்கல் விழாவுக்கு நம் குழந்தைகளைக் கொண்டு ஒரு வில்லுப்பாட்டு நடத்த முற்பட்டபோது அது மீண்டும் தலைதூக்கியது. பாட்டை நான் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஒத்திகைக்கு வந்த பிள்ளைகளின் கைகளில் இருந்த தாள்களைக் கண்டு திகைத்தேன். தமிழ்ப்பாட்டு அத்தனையும் தெலுங்கு எழுத்தில் பெயர்த்து எழுதப்பட்டிருந்தது. தமிழ் பேசுவார்கள், கேட்டால் புரிந்துகொள்வார்கள், படிக்க வராது. ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். வல்லினத்தின் ஒலிப்பு வேறுபாடுகளைத் தெலுங்கு எழுத்து தனித்தனியே காட்டிவிடுவதால் அவர்கள் உச்சரிப்பு ஓரளவு திருத்தமாகவே இருந்தது. ழகரம் மட்டும் அகப்படவில்லை. ஒரு சிறுமி அதற்கென்று தானே ஒரு புள்ளியிட்ட எழுத்தை உண்டாக்கி வைத்திருந்தாள்.

அன்று முதல் சுப்பு ஆறுமுகத்தின் கலையை வேறொரு கண்கொண்டு பார்க்கத் தொடங்கினேன். அதன் விளைவே இக்கட்டுரை.

1928இல் திருநெல்வேலிக்கு அருகிலுள்ள சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர் சுப்பு ஆறுமுகம். இளமையிலேயே பாட்டுக் கட்டும் திறம் வாய்த்தவர். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அத்திறத்தைக் கண்டு, நாற்பதுகளின் இறுதியில் அவரைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டார். நாகர்கோவிற்காரரான கலைவாணருக்கு வில்லுப்பாட்டு பிறந்த மண்ணின் சொத்து. அவர் வில்லில் காந்தியடிகளின் கதையைச் சொன்னபோது அதற்குப் பாட்டெழுதியவர் சுப்பு ஆறுமுகம். கலைவாணர் 1957இல் மறைந்த பின் வில்லைத் தாமே ஏந்தி, குடம், உடுக்கை, தாளம், கட்டை என்னும் பக்க இசைக்கருவிகளுடன் தம் குழுவை அழைத்துக்கொண்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகச் சென்றார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2022 அக்டோபர் 10 அன்று மறைந்தார். தாமே எழுதி, தாமே இசையமைத்து, தாமே பாடி, ஒரு குழுவைக் கட்டி நடத்துதல் என்னும் நான்கு பொறுப்புகளையும் ஒருவரே சுமப்பது எளிதன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கிட்டாரும் முரசுமாக ஊர்திகளில் சுற்றும் பாடகர்கள் இப்படித்தான் வாழ்கிறார்கள் என்பர். அவ்வழியில் வந்த பாப் டிலனுக்கு 2016இல் இலக்கிய நோபல் பரிசு கொடுத்தபோது, பாட்டு இலக்கியமாகுமா என்று உலகமே வாதிட்டது. பாணர்களையும் பொருநர்களையும் ஆற்றுப்படுத்திய பத்துப்பாட்டைக் கையில் வைத்திருக்கும் நமக்கு அந்த வாதம் சற்று வியப்பாகவே இருந்தது. எனினும், நம் பாடத்திட்டங்களில் சுப்பு ஆறுமுகத்துக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறோம் என்று கேட்டால் வாயடைத்துப் போவோம்.

வில்லின் தொன்மை பற்றி ஒரு சொல். பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் குமிழமரக் கொம்பை வளைத்து, மரல்நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து குறிஞ்சிப்பண் எழுப்புகிறான். அதற்கும் இன்றைய வில்லுப்பாட்டுக்கும் நேர்த்தொடர்பு உண்டு என்று நான் வாதிட மாட்டேன். அவ்வகை வாதங்கள் மேடைக்கு அழகே தவிர ஆராய்ச்சிக்கு உதவா. ஆனால் வளைந்த கொம்பும் இழுத்த நாணும் கண்டால் தமிழனுக்குப் பாட்டு நினைவு வருகிறது என்ற அளவில் அது உண்மை.

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். சுப்பு ஆறுமுகத்தைப் புகழ்வது எளிது; புகழ்ந்து எழுதியவர் பலர். அவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்று பார்ப்பதே பயனுடையது.

தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் வில்லுப்பாட்டு என்பது கொடைவிழாவின் உறுப்பு. சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கி முதலிய தெய்வங்களின் முன்னிலையில் இரவெல்லாம் பாடப்படுவது. என் தாயார் ஊர் நாங்குநேரிப் பக்கம். சிறுவனாக அங்கு ஒரு கொடையில் அம்மா மடியில் படுத்துத் தூங்கிப்போனேன். என்னை எழுப்பியது சத்தமன்று, சத்தம் நின்றதுதான். குடத்தின் ஓசை சட்டென்று அடங்கிற்று. கதையில் யாரோ வெட்டுண்டு விழும் இடம். அடுத்த கணம் வில்லின் மணிகள் அத்தனையும் ஒருங்கே அதிர, கூட்டத்தில் ஒருவருக்கு அருள் வந்தது. பக்கத்தில் இருந்த பெரியம்மா தேம்பித் தேம்பி அழுதார்கள். கதை அவர்களுக்கு முன்பே தெரியும், ஆண்டுதோறும் கேட்பதுதான். ஆயினும் அழுதார்கள்.

இக்கொடைக் கதைகளில் சிறந்தவற்றுள் பல, அநியாயமாக மாண்டவர்களின் கதைகள். அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட தம் நூலில் வில்லுப்பாட்டுக் கதைகளைப் பிறப்புக் கதைகள், இறப்புக் கதைகள் என்று பிரித்துக் காட்டினார். இறந்தவன் தெய்வமாகித் திரும்பி வருகிறான். ஊர் அவனுக்குக் கடன்பட்டிருக்கிறது. அக்கடனைப் பாட்டால் செலுத்துகிறது. முத்துப்பட்டன் கதை இதற்குச் சான்று. அந்தணனாகிய பட்டன், சக்கிலியப் பெண்களாகிய பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாமனாரின் ஆநிரையைக் கள்வரிடமிருந்து மீட்கப் போராடி மடிகிறான். பெண்களின் பெயரைக் கவனியுங்கள். நம் அடுத்த வீட்டுப் பெயர்கள்! தென்கோடித் தமிழ்க் கதையின் நடுவில் தெலுங்கு மணம் கமழ்கிறது. இக்கதையைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை ஒன்றைக் கண்டறிந்து சொன்னார்: அப்பெண்கள் உண்மையில் அந்தணர் வீட்டில் பிறந்து சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவர்கள் என்னும் பகுதி பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்பதே அது. கேட்போரில் சிலருக்குக் கதை கசந்தது. யாரோ சர்க்கரை கலந்துவிட்டார்கள். வில்லுப்பாட்டின் வலிமையும் ஆபத்தும் இந்த ஓர் எடுத்துக்காட்டில் அடங்கும். எதிரே அமர்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்தே அது வளர்கிறது. அம்முகத்துக்கு அஞ்சி வளையவும் செய்கிறது.

சுப்பு ஆறுமுகத்தின் எதிரே அமர்ந்தவர்கள் வேறு. சபாவின் நாற்காலிகளில் இருந்தவர்கள், வானொலிப் பெட்டியின் முன் இருந்தவர்கள், பிறகு தொலைக்காட்சியின் முன் இருந்தவர்கள். இவர்களுக்கு அருள் வராது. இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே அவர் இரவு முழுதும் நீளும் கதையைச் சுருக்கினார். இராமாயணம், மகாபாரதம், காந்தி, பாரதி என்று எவ்வூரார்க்கும் பொதுவான கதைகளை எடுத்துக்கொண்டார். அரசின் திட்டங்களையும் வில்லில் ஏற்றினார். கலைவாணரிடம் கற்ற நகைச்சுவையை இடையிடையே தூவினார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நெல்லைப் பேச்சுத்தமிழ் ஒழுக, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமாம்’ போட, கேட்பவன் திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்பதுபோல் உணர்ந்தான்.

இதில் இழப்பு இல்லை என்று நான் சொல்லத் துணியேன். குடத்தின் ஓசை அடங்கிய அந்தக் கணத்தை அவருடைய வில்லிசையில் நான் கேட்டதில்லை. துயரம் நெருங்கும்போதெல்லாம் ஒரு சிரிப்பு வந்து அதைத் தாங்கிக்கொள்கிறது. அரசுத் திட்டங்களைப் பாடிய பகுதிகளோ, பாடிய மறுநாளே பழைய நாளிதழ் ஆகிவிடுபவை. (நானும் ஓர் அரசு ஊழியன். சுற்றறிக்கைகளைப் பாட்டாகக் கேட்க எனக்கு ஆசையில்லை.) வில்லிசை இராமாயணம் முதலிய அவருடைய நூல்களை அச்சில் படிப்போர்க்கும் ஒரு குறை தோன்றும்: வரிகள் எளியனவாக, சில இடங்களில் மெலிந்தனவாகக் கிடக்கின்றன. ஆனால் இந்தக் கடைசிக் குறையை நான் குறையாகக் கொள்ளவில்லை. மலைபடுகடாத்தில் கூத்தர்கள் தம் கருவிகளையெல்லாம் பையில் கட்டிச் சுமந்து செல்கிறார்கள். பையை அவிழ்த்தால்தானே இசை? அச்சிட்ட வில்லிசை நூல் கட்டிய பை.

இங்கு ஆந்திர மண்ணில் நாம் காணும் புர்ரகதையோடு ஒப்பிட்டால் இன்னொன்று விளங்கும். அங்கே கதகர் தம்புராவை மீட்டி ஆடிக்கொண்டே கதை சொல்வார். இருபுறமும் இருவர் முழவடித்து நிற்பர். ஒருவர் நகைச்சுவைக்கு, மற்றவர் நாட்டு நடப்புக்கு. குண்டூர் மாவட்டத்தில் 1920இல் பிறந்த ஷேக் நாசர் இக்கலையை மக்கள் கலையாக்கினார். 1943இல் தோன்றிய பிரஜா நாட்டிய மண்டலியின் மேடைகளில் வங்கப் பஞ்சத்தைப் பாடினார். அல்லூரி சீதாராம ராஜுவைப் பாடினார். 1986இல் அவரும் பத்மஸ்ரீ பெற்றார். பின்னர் வந்த கத்தர், வங்கி எழுத்தர் வேலையை உதறிவிட்டுத் தோளில் கம்பளியும் கையில் கோலுமாகப் பாடப் போனார், 2023இல் மறைந்தார். அவர்களுடைய பாட்டு சினத்திலிருந்து பிறந்தது. சினத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. தெலுங்கு அரைகுறையாக அறிந்த நாட்களில் கூட எனக்கு அது சுருக்கென்று தைத்தது. புர்ரகதையில் பக்கத்தில் நிற்பவர் குறுக்கே விழுந்து ஊர்நியாயம் பேசுகிறார். வில்லிசையிலும் குடமடிப்பவர் கேள்வி கேட்பதுண்டு. ஆனால் அக்கேள்வி தலைவருடைய விடைக்கு வழிவிடும் கேள்வி, தலைவரை மறுக்கும் கேள்வியன்று. சுப்பு ஆறுமுகம் தம் பக்கத்தில் மறுப்பவர் ஒருவரை அமர்த்தியிருந்தால் அவர் கலை இன்னும் கூர்மை பெற்றிருக்கும் என்பது என் கருத்து. அன்பர்கள் சிலர் இதனை ஏற்கமாட்டார்கள். விழாவில் பார்க்கும்போது சண்டையிடலாம்.

இன்னொன்றும் கூற வேண்டும். கொடை வில்லுப்பாட்டு அவரால் அழிந்தது என்று சிலர் பேசுவது பொருந்தாது. அது தன் ஊர்களில், தன் தெய்வங்களின் முன் தொடர்ந்து வாழ்ந்தது. 2018இல் மறைந்த குமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாள் போன்ற பெண்கள் வில்லின் முன் தலைமை ஏற்று, வீசுகோல் சுழற்றி, விடிய விடியப் பாடியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சபா மேடையின் வெளிச்சம் காலங்கடந்தே கிட்டிற்று. அந்தப் பிழை சுப்பு ஆறுமுகத்தினுடையது அன்று. வில்லுப்பாட்டு என்றால் அவர் ஒருவரே என்று எண்ணி அமர்ந்திருந்த நம்முடையது.

அப்படியாயின் அவர் நமக்குக் கொடுத்தது என்ன? கொடைக் கதைக்கு அந்த ஊர் வேண்டும்; அந்தத் தெய்வத்தின் பீடம் வேண்டும்; அழுவதற்கு என் பெரியம்மா வேண்டும். நாங்குநேரியை விட்டு எழுநூறு கிலோமீட்டர் வந்துவிட்டவனுக்கு அது கிட்டாது. சுப்பு ஆறுமுகம் வில்லைப் பீடத்திலிருந்து தூக்கி, தோளில் சுமக்கத்தக்க அளவுக்குக் கனம் குறைத்தார். கனம் குறைந்தது உண்மை. அதனால்தான் அது தில்லிக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் போயிற்று. எழுத்தறியாதவனுக்கும் எட்டும் தமிழ் என்று அவர் எந்தக் கிராமத்தானை எண்ணிப் பாடினாரோ, அவனிடத்தில் இன்று, ஆங்கிலமும் தெலுங்கும் தடையின்றிப் படித்துத் தமிழெழுத்து அறியாமல் நிற்கும் நம் வீட்டுக் குழந்தை வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர் இதனை எதிர்பார்த்திருக்க முடியாது. இருந்தும் அவருடைய தமிழ் அக்குழந்தைக்குச் செவி வழியே புகுகிறது. அச்சில் மெலிந்து தோன்றிய வரி, வீசுகோலின் அடியோடு சேரும்போது குழந்தையின் நாவில் தானே ஏறி அமர்கிறது. அவருடைய மகளார் பாரதி திருமகன் அவ்வில்லைத் தொடர்ந்து ஏந்தி வருகிறார். நம் விழாவுக்காகப் பிள்ளைகள் அவர்களுடைய நிகழ்ச்சிகளைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் அடவு கற்றார்கள்.

விழா நாளன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் வில், தண்ணீர்க் குழாயை வளைத்துச் செய்தது. குடம் நம் ஊர்க் குயவர் தந்தது. மணிகள் மாட்டுச் சந்தையில் வாங்கியவை. நான் எழுதிய கதை கண்ணப்பர் கதை. பாதியில், ‘ஆமாம்’ சொல்ல வேண்டிய ஒன்பது வயதுப் பையன், தாளில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டான்: “ஒரு கண்ணு போச்சுன்னா, ரெண்டாவது கண்ணுக்கு எடம் எப்படித் தெரியும்?” கண்ணப்பர் கால்விரலை ஊன்றி அடையாளம் வைத்த செய்தி அடுத்த பாட்டில்தான் வருகிறது. தலைமை ஏற்ற சிறுமி ஒரு கணம் திகைத்தாள். குடமடித்தவன் கையை நிறுத்திவிட்டான். மண்டபத்தில் ஓசையில்லை. பின்பு அவள் தாளைக் கீழே வைத்துவிட்டு, தன் காலை மெல்ல நீட்டிக் காட்டினாள்.