பிற்சேர்க்கையில் கிடக்கும் ஊர்கள்

எம்.ஃபில். ஆய்வேடு ஒன்று கைக்கு வந்தால் நான் கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் புரட்டுவேன். முன்னால் நன்றியுரை இருக்கும். அடுத்து, ‘நாட்டுப்புறவியல் – ஓர் அறிமுகம்’ என்ற இயலில் ஐந்தாறு நூல்களிலிருந்து எடுத்துக் கோத்த வரையறைகள் இருக்கும். ஊர் வருவது பிற்சேர்க்கையில்தான். தகவலாளர் பெயர், வயது, தொழில், ஊர் என்று ஒரு பட்டியல்: செஞ்சிப் பக்கத்துக் கூத்து வாத்தியார், வானூரில் நடவுப் பாட்டுப் பாடிய பாட்டி, மரக்காணத்து உப்பளத் தொழிலாளி. அதன் கீழே அவர்கள் பாடியதும் சொன்னதும் அவர்கள் பேச்சிலேயே இருக்கும்.

அந்தப் படிப்பு இப்போது இல்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை அதை நிறுத்தச் சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகள் எந்தக் கல்வி நிறுவனமும் அதை நடத்தக் கூடாது என்றன. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலோ திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலோ முதுகலை முடித்து வெளியே வரும் பிள்ளைக்கு ‘ஆய்வியல் நிறைஞர்’ என்ற அடுத்த படி இனிக் கிடையாது. எம்.ஃபில். தரம் கெட்டுப் போயிருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைக் கெடுத்தவற்றை விட்டுவிட்டு, அதிலிருந்த ஒரே நல்ல பயிற்சியை எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எம்.ஃபில். ஓராண்டு. முதல் பருவத்தில் எழுத்துத் தேர்வுத் தாள்கள். ஆய்வு நெறிமுறைகள் அதில் கட்டாயம். அடுத்த பருவத்தில் ஆய்வேடு, முடிவில் வாய்மொழித் தேர்வு. கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். பத்தாம் வகுப்பிலிருந்து எம்.ஏ. வரை கைடு படித்தே தேர்வு எழுதிய ஒருவருக்கு அந்த ஓராண்டில் என்ன நடந்தது என்பதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன்.

விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள நரசிம்மப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ஒரு கல்விச்சாலையைப் பற்றிப் பேசுகிறது. இளநிலையில் 270 மாணவர், மேல்நிலையில் 70 மாணவர், ஆசிரியர் 14 பேர். எம்.ஏ. மாணவர் இந்த எண்களை மனப்பாடம் செய்து, ‘சோழர் காலக் கல்விச் சிறப்பு’ என்ற கேள்விக்கு எழுதிவிட்டுப் போய்விடுவார். எம்.ஃபில்.லில் அதே கல்வெட்டின் முழுப் பாடத்தையும் உட்கார்ந்து படித்தாக வேண்டும். அப்போதுதான் அந்த 270 பேரில் பெரும்பாலோர் வேதம் ஓதியவர்கள், 40 பேர் ரூபாவதாரம் என்ற வடமொழி இலக்கணம் படித்தவர்கள், மேல்நிலையில் மீமாம்சையும் வேதாந்தமும் இருந்தன என்பது தெரியும். நாள்தோறும் அளந்த நெல்லின் கணக்கும் கண்ணில் படும். அந்த நெல் யார் விளைத்தது, இந்த 340 பேரில் என் தெருக்காரர் ஒருவராவது உட்கார்ந்திருக்க முடியுமா என்ற கேள்வி அங்கேதான் எழும். தன் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி மிகவும் பெரியது. அதை அவர் ஒரு சான்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப் பழகினார்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் ‘ஓராண்டு’ என்ற அளவே பெரிய உதவி. “இன்னும் ஒரு வருஷம்தாம்மா” என்று வீட்டில் கேட்டு வாங்க முடிந்தது. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே படிக்கவும் விட்டார்கள். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 6 ஆண்டு. விக்கிரவாண்டியிலோ மேல்மலையனூரிலோ ஒரு தகப்பனிடம் அந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். எம்.ஃபில்.லை நிறுத்தியவர்கள் இந்தப் பேரத்தை அறிந்திருக்க மாட்டார்கள்.

குறைகளை மறைத்துப் பேசினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. எம்.ஃபில்.லைச் சீரழித்தது அதன் பின்னால் தொங்கிய சலுகைகள். உயர்கல்வித் தகுதிக்கு ஊக்க ஊதியம் உண்டு என்பதால் பள்ளி ஆசிரியர்கள் திரளாகச் சேர்ந்தார்கள். அந்தச் சலுகையைத் தமிழக அரசு 2020இல் நிறுத்தியது. 2006இல் எம்.ஃபில். முடித்தவர்கள் நெட் தகுதித் தேர்வு எழுதாமலே இளங்கலை வகுப்புகளுக்கு ஆசிரியராகலாம் என்று மானியக் குழு தளர்த்தியது. 2009இல் அதைத் திரும்பப் பெற்றது. 2015இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இடையில் நம்பிச் சேர்ந்தவர்கள் பட்டத்தோடு தெருவில் நின்றார்கள். ஆய்வுக்கு ஆள் உட்காருவதுதான் உயிர் என்றிருக்க, அஞ்சல் வழியிலும் எம்.ஃபில். கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அதையும் 2009 விதிகள்தான் தடுத்தன.

தேவை இப்படிப் பெருகினால் சரக்கும் பெருகும். ஒரு டி.டி.பி. கடையில் என் கண்ணெதிரே நடந்தது இது. ஆய்வேடு சமர்ப்பிக்க இரண்டு நாள் இருந்தது. கறுப்பு ரெக்சின் அட்டையில் பொன்னெழுத்து அடித்த நான்கு படிகள் மேசையில் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே வந்தவர், “போன வருஷம் ஒருத்தர் சிறுகதை பண்ணாரே, அந்த ஃபைல் இருக்காண்ணா? ஆசிரியர் பேரை மட்டும் மாத்திக்கிறேன்” என்றார். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் ஃபைலைத் தேட ஆரம்பித்தார். கருத்துத் திருட்டைத் தடுக்க 2018இல் மானியக் குழு விதி கொண்டுவந்தது: 10 விழுக்காட்டுக்கு மேல் ஒப்புமை இருந்தால் நடவடிக்கை. ஆனால் மென்பொருள் தன்னிடம் உள்ளதோடுதான் ஒப்பிடும். ரெக்சின் அட்டைக்குள் தூங்கும் தமிழ் ஆய்வேடு அதன் கண்ணில் எப்படிப் படும்? ஆய்வேடுகளை இணையத்தில் ஏற்றும் சோத்கங்கா தளத்திலும் பெரும்பாலும் முனைவர் பட்ட ஆய்வேடுகளே ஏறின.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அதை நானே அனுபவித்தேன். தெருக்கூத்து பற்றிய என் ஆய்வேட்டில், ஓர் இரவு முழுக்க விழித்துப் பார்த்த கூத்தை, வாத்தியார் ஒப்பனை போட்டுக்கொண்டே சொன்ன பேச்சோடு ஓர் இயலாக எழுதியிருந்தேன். நெறியாளர் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார். “இது ஆய்வு இல்லப்பா, கதை. பிற்சேர்க்கையில தள்ளு. இங்க கூத்து – சொற்பொருள் விளக்கம்னு எழுது.” எழுதினேன். அகராதிகளைப் பார்த்து 22 பக்கம். அந்த 22 பக்கத்தால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

நாம் பிற்சேர்க்கைக்குத் தள்ளியதை வேறொருவர் நூலின் நடுவில் வைத்தார். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைடெல் செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் வழிபாட்டையும் மேலச்சேரிக் கோயிலையும் பாரதக் கூத்தையும் பல ஆண்டு ஊர் ஊராகச் சென்று கேட்டார். ‘திரௌபதி வழிபாடு’ என்ற அவருடைய நூலின் முதல் தொகுதி 1988இல் வந்தது. செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று அதற்கொரு துணைத்தலைப்பும் உண்டு. அவருக்கிருந்த காலமும் பணமும் நம் பிள்ளைகளுக்கு இல்லை. ஆறு மாதத்தில் அதுபோல் எழுதச் சொல்வது நியாயமும் இல்லை. ஆனால் எதை முக்கியம் என்று எண்ணுவது என்பதற்குப் பணம் வேண்டியதில்லை. கூத்து வாத்தியாரின் பேச்சு அவருக்குச் சான்று, நமக்கு இணைப்பு. பாடத்திட்டத்தைத் திருத்தி இதைச் சரிசெய்திருக்கலாம்.

இன்றைய நிலையில் ஆய்வுப் பயிற்சி என்பது முனைவர் பட்டத்தில் சேர்ந்த பிறகு படிக்கும் 12 கிரெடிட்தான். அதற்குள் நுழைய நெறியாளர் வேண்டும். பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 பேர் என்று வரம்பு. இந்த மாவட்டத்துக் கல்லூரிகளைச் சென்னை, வேலூர், சிதம்பரம் என்று பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக மாற்றி இணைத்துக்கொண்டே வந்தார்கள். 2021இல் விழுப்புரத்துக்கென்றே தொடங்கிய பல்கலைக்கழகமும் அதே ஆண்டில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டது. ஆய்வு மாணவருக்கு நிலையான ஒரு வாசல் அமையவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். மருத்துவ உளவியல், மனநலச் சமூகப்பணி எம்.ஃபில்.களுக்கு மட்டும் மானியக் குழு காலநீட்டிப்புக் கொடுத்தது, அவற்றுக்கு ஆள் தேவை என்பதால். கேம்பிரிட்ஜில் ஓராண்டு எம்.ஃபில். இன்றும் நடக்கிறது. ஓராண்டு ஆய்வுப் படிப்பே கூடாது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

பட்டம் என்ற பெயரைக்கூட நான் கேட்கவில்லை. மாநிலத் தொல்லியல் துறை சென்னையில் ஒரு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. கல்வெட்டு படிக்கவும் அகழாய்வுக் குழியில் இறங்கவும் பழக்குகிறார்கள்; சேர்பவர் சிலர்தான், உதவித்தொகையும் உண்டு. அதுபோல விழுப்புரத்தில் பத்துப் பேருக்கு ஓராண்டு முதுநிலைப் பட்டயம் ஏன் கூடாது? மண்டகப்பட்டும் தளவானூரும் பனைமலையும் பக்கத்திலேயே இருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன நூலகம் விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பஸ் ஏறிப் போய்வரும் தூரம். சம்பள உயர்வோடும் பணித்தகுதியோடும் அதை முடிச்சுப் போடக் கூடாது. எழுதியதை இணையத்தில் ஏற்றிய பிறகே சான்றிதழ் தர வேண்டும். பழைய ஆய்வேடுகளின் பிற்சேர்க்கைகளை ஸ்கேன் செய்வதை முதல் ஆண்டு மாணவர்களின் முதல் வேலையாக வைக்கலாம்.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். செஞ்சிப் பக்கம், கூத்துக் குடும்பம். தாத்தா பாடிய கர்ண மோட்சத்தை யாரோ ஒரு அக்கா எழுதிக்கொண்டு போனார்களாம். அது எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு பிற்பகல்கள் தேடிக் கண்டுபிடித்தோம். பிற்சேர்க்கை மூன்று, பதினோரு பக்கம். பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் நின்றுவிட்டார். அடைப்புக்குறிக்குள் அந்த மாணவி தட்டச்சு செய்திருந்தார்: ‘இவ்விடத்தில் தகவலாளர் அடி மறந்து, மீண்டும் முதலிலிருந்து பாடினார்.’

“ஆமா சார், தாத்தா அப்படித்தான். நடுவுல இருந்து எடுக்கவே மாட்டாரு” என்றார்.