முதலில் ஃபோர்க்கைக் கவனிங்க!

பைக்குக்கு என்ன செலவு செய்யலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: முன் ஃபோர்க். சைலன்சர் மாற்றினால் தெருவுக்குத் தெரியும். ஃபோர்க் ஆயிலையும் ஸ்பிரிங்கையும் மாற்றினால் உங்கள் மணிக்கட்டுக்குத் தெரியும்!

என் ஹிமாலயன் 411-க்கு வீட்டு வாசலிலேயே இதைச் செய்துவிட்டேன். 41 மி.மீ. குழாய், 200 மி.மீ. அமுக்கம். கம்பெனி குறைவைக்கவில்லை. ஆனாலும் பிரேக்கை அழுத்தினால் முன்பக்கம் பொசுக்கென்று இறங்கும். அதற்குத்தான் புரோகிரசிவ் ஸ்பிரிங். ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக இருக்கும், மற்றதில் அகலமாக. சின்ன மேடுபள்ளத்தை நெருக்கமானவை வாங்கிக்கொள்ளும். அவை ஒன்றோடொன்று ஒட்டியதும் மிச்சச் சுற்றுகள் விறைத்து நிற்கும். என்ன அழகான யோசனை!

பழைய ஆயிலைக் கவிழ்த்தபோது சாம்பல் நிறத்தில் நாற்றத்தோடு வந்தது, வெயிலில் உலோகத்தூள் மினுங்கியது. இதன் மேலா இத்தனை நாள் ஓட்டினோம் என்றிருந்தது.

வேலையின் உயிர் ஆயில் மட்டத்தில் இருக்கிறது. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, குழாயை முழுதாக அமுக்கி, மேல்விளிம்பிலிருந்து ஸ்கேலால் அளக்க வேண்டும். அளவு வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஆயிலுக்கு மேலே அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். மட்டத்தைச் சில மி.மீ. ஏற்றினாலே பெரிய குழியில் ‘டக்’கென்று அடிவாங்குவது குறையும். அளப்பதற்கு முன் குழாயை மேலும் கீழும் இழுத்துக் காற்றுக்குமிழை வெளியேற்றுங்கள். முதலில் ‘களக் களக்’ என்னும். பிறகு கைக்கு ஒரே சீராக ஒரு பிடிப்பு வரும். அந்தச் சுகத்துக்காகவே இன்னொரு தடவை கழற்றலாம்!

ஆயில் சீலை இறக்கும்போது குழாய் விளிம்பில் பாலித்தீன் கவரைப் போர்த்தி எண்ணெய் தடவினால் சீலின் உதடு கிழியாது. சரியான அளவு பிவிசி பைப் கிடைத்தால் சீலைத் தட்டி இறக்கத் தனிக்கருவி தேவையில்லை.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கொண்டுபோனேன். பிரேக் பிடித்தபடி திரும்பினாலும் ஹேண்டில் அலையவில்லை. மேலே போய்ச் சேர்ந்தும் இறங்க மனமில்லை.

நீங்களும் இந்த வேலையில் இறங்குங்கள். ஒன்று மட்டும்: மேல்மூடியை ஃபோர்க் வண்டியில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். கடைசி மரை விடும்போது ஸ்பிரிங் மூடியைத் தூக்கி அடிக்கும். முகத்தை நேர்மேலே வைக்காதீர்கள்.